நான்கு நிமிடம் காலியாக இருந்த நாற்காலி

மணி 3.05.

இழுப்பறையில் ஆறு நோட்டுகள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

ஆலோசகர் மூன்று முறை எண்ணிப் பார்த்தார். எல்லாம் நீல அட்டை போட்ட, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுகள். மேலே பெயர் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி மட்டும் இருக்கும். நட்சத்திரம் இருந்தது, வட்டம் இருந்தது, மீன் இருந்தது. இலை போட்ட நோட்டைக் காணோம்.

இருபத்திரண்டு வருடமாக மனிதர்களின் அழுகையை நிதானமாகக் கேட்டவர் அவர். அன்று அவருக்கே நிதானம் தப்பியது. வெளியே வந்து வரவேற்பாளரிடம் சொன்னார்: "வாசல் கதவைச் சாத்தும்மா. எதிர்ல ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு."

இரண்டாம் மாடியில், காத்திருக்க ஒரு கூடமும் பேச இரண்டு அறைகளுமாக இருந்த மனநல ஆலோசனை மையம் அது. மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் வந்து ஐம்பது நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு, பேசியதை ஆலோசகர் அந்த நோட்டில் எழுதி வைப்பார்.

இலை நோட்டு யாருடையது என்று ஆலோசகர் யாரிடமும் சொல்லமாட்டார். போலீஸ் கேட்டாலும் சரி, தலையே போனாலும் சரி. கதை சொல்லும் எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய் ஒருத்தியுடையது. குழந்தை அவளிடம் இருப்பதா, பிரிந்துபோன கணவனிடம் இருப்பதா என்று மறுநாள் காலை பத்தரை மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை. நோட்டின் ஏழாம் பக்கத்தில், அவள் சொன்னபடியே, இப்படி ஒரு வரி இருந்தது: "குழந்தை பிறந்த இரண்டாவது மாதம், ஒருநாள் மாடிப்படி உச்சியில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை."

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் நோய் அது. மருந்து சாப்பிட்டாள், பேசினாள், தேறிவிட்டாள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து படித்தால் போதும், குழந்தை அவளுக்கு இல்லை. அதற்கடுத்த வரியும் ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

மணி 3.20.

இன்ஸ்பெக்டர் குடையை உதறிக்கொண்டு படியேறி வந்தார். பின்னாலேயே ஒரு பெண் காவலர். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். ஒரு கேள்வியைப் போட்டால் பதில் மாட்டும்வரை விடமாட்டார். எதிராளி ஒரு வார்த்தை சொல்வதற்குள் இவர் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவார். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏணியில் ஏசி மெக்கானிக். மூலை நாற்காலியில் ஒரு நடுவயதுப் பெண்மணி. அட்டையில் செருகிய படிவத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு ஆலோசகரிடம் முதல்தடவையாக வந்து பேசி முடித்தவர்.

மெக்கானிக்கைப் பார்த்ததும் கொக்கியின் முகம் மலர்ந்தது.

"அடடே, நீயா! பூட்டை உடைச்ச கேஸ்ல உன்னைப் புடிச்சது நான்தானே?"

"சார், அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி. இப்ப ஏசிதான் சார்."

"அந்த அறைக்குள்ள போனியா?"

"மத்தியானம் ஒண்ணு இருபதுக்குப் போனேன். ஃபில்டரைக் கழட்டினேன். ஒண்ணு நாப்பதுக்கு வந்துட்டேன்."

"கூட யாரு இருந்தா?"

மெக்கானிக் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினான். "யாருமில்ல சார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க."

கொக்கி திருப்தியாகத் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை கேஸ் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்காகப் பைகளைச் சோதிக்கச் சொன்னார். மெக்கானிக்கின் கருவிப் பை, அந்தப் பெண்மணியின் கைப்பை, வரவேற்பாளரின் மேசை, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. நோட்டு இல்லை. வாசல் கதவோ மூன்று ஐந்திலிருந்து சாத்தியிருந்தது.

சோதனை நடக்கும்போது அவர் சுவரில் கண்ணை ஓட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு தாள்கள் மாட்டியிருந்தன. அங்கே வேலை செய்யும் இரண்டு ஆலோசகர்களும் தங்கள் வேலைமுறையைப் பற்றித் தாங்களே எழுதியவை. முதலாமவர் ஊரில் இல்லை. அவருடைய தாளில் 'நான் வீட்டுப்பாடம் தருவேன்' என்று இருந்தது.

"பெரியவங்களுக்குமா வீட்டுப்பாடம்? வெளங்கினாப்லதான்," என்றார் கொக்கி.

இரண்டாவது தாள் நம் ஆலோசகருடையது. அதை வாய்விட்டே படித்தார்.

"'நான் அறிவுரை சொல்வதில்லை. கேட்பேன். நீங்கள் பேசும்போது என்னிடம் பேனா, கைபேசி, சாவி எதுவும் இருக்காது. நீங்கள் அழுதால் நான் காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டமாட்டேன், அது அழுகையை நிறுத்தச் சொல்வதுபோல ஆகிவிடும். பெட்டி உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் தவிர, நடுவில் எழுந்து போகமாட்டேன். நேரத்தைக் கவனிப்பது இங்கே என் வேலை, உங்கள் வேலை அல்ல.'"

படித்து முடித்துச் சிரித்தார். "கேக்கறதுக்குக் காசா? எங்க ஸ்டேஷன்ல நாங்க இலவசமாவே கேக்கறோம்."

வரவேற்பாளர் சிரிக்கவில்லை. நான்கு வருடமாக அந்தத் தாளின் கீழ் உட்கார்ந்திருப்பவர் அவர். அழுதுகொண்டே உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது நிமிர்ந்து நடப்பதைத் தினமும் பார்ப்பவர்.

மணி 3.40.

"இன்னைக்கு நடுவுல ஏதாவது போன் வந்துச்சா?" கொக்கி வரவேற்பாளரைக் கேட்டார்.

"வந்தது சார். ரெண்டு இருபதுக்கு. ஒரு ஆம்பளைக் குரல். உயிரை விடப்போறேன், அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு அழுதார். நான் கதவை மூணு தட்டு தட்டினேன். அதுதான் எங்க அடையாளம். மேடம் ஓடி வந்தாங்க."

"என்ன பேசினான்?"

"ஒண்ணுமே பேசலை. மேடம்தான் பொறுமையா, நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நாலு நிமிஷம். அப்புறம் வச்சுட்டான். மேடம் திரும்ப உள்ள போயிட்டாங்க."

"அந்த நாலு நிமிஷம் உள்ள யாரு?"

வரவேற்பாளரின் கண் மூலை நாற்காலிக்குப் போய் வந்தது. கொக்கி அந்தப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க தனியா இருந்தீங்களா?"

"ஆமா சார்." இரண்டு மணிக்காரம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. "ஆனா நான் அசையவே இல்லை. சோபா நாற்காலில அப்படியே சாஞ்சு உக்காந்திருந்தேன். அவங்க ரெண்டு இருபதுக்குப் போனாங்க, ரெண்டு இருபத்திநாலுக்கு வந்துட்டாங்க. கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். வேற என்ன பண்றது?"

"போன்ல எதுவும் பாக்கலையா?"

"போனை வெளியிலயே பெட்டில வாங்கி வச்சுக்கறாங்களே."

அவர் வெறும் மணிக்கட்டை லேசாகத் தடவிக்கொண்டு மறுபடி படிவத்தைக் குனிந்து பார்த்தார். மொத்தம் எட்டுப் பக்கப் படிவம். முதல் பக்கம்தான் இன்னும் மேலே இருந்தது.

நேரம் கச்சிதமாகப் பொருந்தியது. வரவேற்பாளர் சொன்ன அதே நான்கு நிமிடம். உண்மை சொல்கிறவர் இப்படித்தான் சொல்வார் என்று கொக்கி மனசுக்குள் அவரைக் கழித்துவிட்டார். பெண் காவலரிடம் மெதுவாக, "மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகலாம்," என்றார்.

மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் ஆலோசகர். "உள்ள வந்து பூட்டைப் பாருங்க."

மணி 3.55.

சின்ன அறை. எதிரெதிராக இரண்டு சாய்வு நாற்காலிகள், நடுவில் தாழ்ந்த மேசை, மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஆலோசகரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு இழுப்பறை. வந்தவர்களின் நாற்காலி சுவரை ஒட்டிப் போட்டிருந்தது.

கொக்கி குனிந்து பூட்டைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"சாவி எங்க இருக்கும்?"

"சாப்பாட்டு நேரத்துல என் கைப்பையில. நான் சாப்பிடறப்பவும் பை என் தோள்லதான் இருந்துச்சு. ஆள் வர்றதுக்கு முன்னாடி சாவியைப் பூட்டுல போட்டுடுவேன். என் உடம்புல சாவி இருந்தா சத்தம் வரும். பேசறவங்க கவனம் கலையும்."

"பூட்டுலயே வுட்டுடுவீங்களா? இது என்னங்க பாதுகாப்பு?"

"நான் அறையை விட்டு எழுந்திருக்கறதே இல்லையே." சொல்லிவிட்டு ஆலோசகர் தலைகுனிந்தார். "அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

"ரெண்டு மணிக்கு வந்தவங்க எப்படி? பதட்டமா இருந்தாங்களா? என்ன பேசினாங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"அவங்களே எடுத்திருந்தாலுமா?"

"அந்த நாற்காலில ஒருத்தர் உக்காந்துட்டா, அவங்க என்னை நம்பி வந்தவங்க. பொய் சொல்லிட்டு வந்தாலும்."

"நோட்டு யாரோடதுன்னாவது சொல்லுங்க."

"முடியாது. நாளைக் காலைக்குள்ள கிடைக்கலைன்னா ஒரு வாழ்க்கை போயிடும். அவ்வளவுதான் சொல்வேன்."

கொக்கிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "அப்ப எதைத்தாங்க சொல்வீங்க?"

"நான் எப்படி வேலை பாக்கறேன்னு சொல்வேன். அதுல ரகசியம் இல்லை. உக்காருங்க, காட்டறேன்."

கொக்கி வேண்டாவெறுப்பாக வந்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் கொக்கி கேஸைப் பற்றிப் பேசினார். பிறகு மெக்கானிக்கைப் பற்றி. ஆலோசகர் தலையாட்டக்கூட இல்லை, ஆனால் அந்தக் கண்கள் அவரை விட்டு நகரவில்லை. உத்தியோகத்துக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் கொக்கியைப் பார்த்திருக்கிறார்கள், பயந்து, கெஞ்சி, வெறுத்து. இப்படி ஒருவரும் பார்த்ததில்லை. அவர் சொல்லப்போகும் அடுத்த வார்த்தைக்கு இடம் ஒழித்து வைத்துக் காத்திருப்பதுபோல இருந்தது.

பேச்சு தானாக நின்றது. மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

"எம் பொண்ணு," என்றார் கொக்கி. ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "பதினேழு வயசு. எங்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சு. நான் ஏதாவது கேட்டா, என்னப்பா விசாரணையான்னுட்டு உள்ள போயிடறா." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் கேக்கறதை நிறுத்தினதே இல்லைங்க. அவ பேசறதுக்கு எடமே வுட்டதில்ல."

கை தானாக நீண்டு பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை உருவியது. ஆலோசகர் நீட்டவில்லை. பெட்டி சரியாக அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

எந்தக் கருவியும் இல்லை, தந்திரமும் இல்லை. இந்த அம்மாள் சும்மா உட்கார்ந்திருந்தே தன் நெஞ்சைத் திறந்துவிட்டாரே என்று கொக்கிக்குப் பிரமிப்பாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த தாளைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்து கூசினார்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சா?" நேரம் பார்க்க அவர் கண்கள் சுவர்களில் கடிகாரத்தைத் தேடின. எதிரே வெறும் சுவர். இடப்பக்கம் ஜன்னல். வலப்பக்கம் கதவு.

"பதினோரு நிமிஷம்," என்றார் ஆலோசகர். அவர் கையில் கடிகாரம் இல்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

"உங்க தலைக்கு மேல பாருங்க."

கொக்கி தலையைத் திருப்பினார். நாற்காலியின் உயர்ந்த முதுகு மறைத்தது. எழுந்து நின்று திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே, சுவரில், ஒரு வட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசறவங்க நேரத்தைப் பாத்தா அவசரப்படுவாங்க," என்றார் ஆலோசகர். "நான் கையைத் திருப்பி நேரம் பாத்தா, இவங்களுக்கு அலுத்துடுச்சுன்னு நெனப்பாங்க. அதனால அங்க மாட்டியிருக்கேன். எனக்கு மட்டும் தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

கொக்கி கடிகாரத்தையும் எதிர் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஆலோசகரின் முகத்தைப் பார்த்தார். தான் சொன்னது என்ன என்று ஆலோசகருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் வெளுத்தது.

மணி 4.15.

கொக்கி கூடத்துக்கு வந்தார். மெக்கானிக்கிடம், "நீ வீட்டுக்குப் போப்பா. மன்னிச்சுக்க," என்றார். பெண் காவலர் தன் காதையே நம்பவில்லை. அந்த வாயிலிருந்து மன்னிப்பு என்ற வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இரண்டு மணிக்காரம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன்னு சொன்னீங்க. நீங்க உக்காந்த நாற்காலில இருந்து கடிகாரம் தெரியாது. நான் உக்காந்து பாத்துட்டேன். எதிர்ல, இழுப்பறை பக்கத்துல இருக்கற அவங்க நாற்காலில இருந்தா மட்டும்தான் தெரியும். அந்த நாலு நிமிஷம் அது காலியா இல்லை. நீங்க இருந்தீங்க."

அந்த அம்மாளின் பேனா நின்றது.

"இந்தத் தாளை, நேரம் குறிக்க வந்த அன்னைக்கே நீங்களும் படிச்சிருக்கீங்க. உயிருக்கு ஆபத்துன்னா இவங்க எழுந்து போவாங்க, சாவியைக் கையில வச்சுக்க மாட்டாங்க. ரெண்டும் அதுலயே இருக்கு. ரெண்டு இருபதுக்குப் போன் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். நிமிஷத்தை எண்ணிட்டே தேடினீங்க. அதான் கணக்கு அவ்வளவு சரியா இருக்கு. ஒண்ணு மட்டும்தான் எனக்குப் புரியலை. ரெண்டு அம்பதுக்கு வெளிய வந்துட்டீங்க. கதவைச் சாத்தினது மூணு அஞ்சுக்கு. படிவத்தை வீட்டுக்கே கொண்டு போயிருக்கலாம். ஏன் போகலை?"

பழைய கொக்கியாக இருந்தால் இந்த இடத்தில் அடுத்தடுத்து எட்டுக் கேள்வி போட்டிருப்பார். இப்போது அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பேசாமல் இருந்தார்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

அந்த அம்மாள் படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். படிவத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நீல நோட்டு இருந்தது. ஓரத்தில் பென்சில் இலை.

"ஒவ்வொண்ணாப் புரட்டி இதைக் கண்டுபுடிச்சுக் கைப்பையில போட்டேன். பாத்ரூம்ல வச்சுப் படிச்சேன்," என்றார். "எங்க அண்ணன் சொன்னபடி நேரா வக்கீல்கிட்ட கொண்டு போறதா இருந்தேன். படிச்சதுக்கப்புறம் கால் வரலை. எப்படித் திரும்ப வைக்கிறதுன்னு தெரியாம இங்கயே உக்காந்துட்டேன். நான் அந்தக் குழந்தைக்கு அத்தை. ரெண்டு வருஷம் என் மார்லயே போட்டு வளத்தேன் சார். என் அண்ணி அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினான்னு எனக்கு இன்னைக்குத்தான்..."

"வேண்டாம்." ஆலோசகர் கையை உயர்த்தினார். குரல் மெதுவாக, ஆனால் உறுதியாக இருந்தது. "அது அவங்க சொன்னது. இங்க யாருக்கும் சொல்லாதீங்க."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கொக்கிக்கு நோட்டில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. வாழ்க்கையில் முதல்தடவையாக, தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை அவர் கேட்காமல் விட்டார்.

நான் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி வரிக்கு அடுத்த வரி இது: "நேரே என் நாத்தனாரிடம் போய்க் குழந்தையைக் கொடுத்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது அவர்தான். அதை இன்னும் அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை." மூன்று வருடமாக அந்த அத்தை, பெற்ற பிள்ளையையே வேண்டாமென்று வீசிவிட்டுப் போனவள் என்று தன் அண்ணியை வெறுத்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் நோட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நடந்ததை நோட்டுக்குச் சொந்தக்காரங்ககிட்ட நான் இன்னைக்கே சொல்லணும். புகாரை என்ன பண்றதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும்." பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு உங்க நேரத்துல நாலு நிமிஷம் நான் வெளிய போயிட்டேன். மறுபடி வரணும்னு தோணினா வாங்க. பக்கத்து அறை ஆலோசகர் அடுத்த வாரம் வந்துடுவார். இனி உங்களை நான் பாக்கறது சரியா இருக்காது, காரணம் உங்களுக்கே தெரியும். அவரும் நல்லாக் கேப்பார்."

"வீட்டுப்பாடம் குடுப்பார்," என்றார் கொக்கி. அழுதுகொண்டிருந்த அத்தைகூட ஒரு கணம் சிரித்துவிட்டார்.

போன் செய்து அழுத அண்ணனை விசாரிக்க ஆள் அனுப்பிவிட்டு, குடையை எடுக்கப்போன கொக்கி திரும்பி வந்தார். வரவேற்பாளரின் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை 10.50.

அத்தையைச் சாட்சியாகக் கூப்பிட்டது அண்ணன் தரப்புதான். அத்தைக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்த கேள்வியை வக்கீல் கேட்டார்: "இரண்டு மாதக் குழந்தையை இந்தத் தாய் உங்களிடம் எறிந்துவிட்டுப் போய் அறையைப் பூட்டிக்கொண்டார். உண்மைதானே?"

அத்தை எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார். முந்தின நாள் மாலையே நோட்டு போய்த் திரும்பிய கதை அண்ணிக்குத் தெரியும். நாத்தனார் எதைப் படித்திருக்கிறார் என்பதும் தெரியும். அவள் விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

"எறியலைங்க," என்றார் அத்தை. "என்னை நம்பிக் குடுத்தா."